பரண்மேல் இருக்கும் பரம்பரைத் திருவிளக்கு

கார்த்திகைத் தீபத் திருநாளுக்குப் பத்துப் பதினைந்து நாள்கள் இருக்கும்போதே பல இல்லங்களில் பரண் திறக்கப்படுகிறது. பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கட்டி வைத்திருந்த குத்துவிளக்கு கீழே இறங்குகிறது. கட்டை அவிழ்த்ததும் வீட்டில் உள்ளோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொள்கின்றனர். கொள்ளுப்பாட்டி சீதனமாகக் கொண்டு வந்தபோது பொன்போல் ஒளிர்ந்தது என்று சொல்லக் கேட்ட விளக்கு அது. இப்போது அகலைச் சுற்றிக் கன்னங்கரேலென்று ஒரு படிவு. தண்டின் வளையங்களுக்கு இடையே பச்சைக் களிம்பு. பாதத்தில் தேமல் படர்ந்தாற்போல் ஆங்காங்கே செந்நிறத் திட்டுகள்.

இளையவர்களிடமிருந்து உடனே யோசனைகள் வரும். பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக் கொள்ளலாம் என்பார் ஒருவர். பாலிஷ் கடையில் கொடுத்தால் அரை மணி நேரத்தில் பளபளவென்று ஆகிவிடும் என்பார் மற்றொருவர். வீட்டுப் பெரியவரோ இரண்டுக்கும் இசையாமல், புளியைக் கரைத்து அதில் இரவெல்லாம் ஊற வைத்துவிட்டால் காலையில் சரியாகிவிடும் என்பார். இந்த மூன்றாவது யோசனை பக்தியிலிருந்து பிறப்பது. ஆயினும் பழைய பித்தளைக்கு அதனாலும் கேடு உண்டு. பாதத்தில் தெரியும் செந்நிறத் திட்டுகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஓர் இரவில் உண்டானவையே.

விளக்கைக் கவிழ்த்துப் பாதத்தின் உட்புறத்தையோ விளிம்பையோ பார்த்தால், புள்ளி புள்ளியாக உளியால் கொத்திய எழுத்துகள் சில விளக்குகளில் தென்படும். பெண்ணுக்குச் சீர் கொடுக்கும்போது பாத்திரங்களில் பெயர் வெட்டித் தருவது தமிழ்நாட்டு வழக்கம். புகைப்படம் எடுத்துக் கொள்ளாத, பத்திரங்களில் கையெழுத்திடாத எத்தனையோ பெண்மணிகளின் பெயர் இன்று எஞ்சியிருப்பது ஒரு சொம்பின் கழுத்திலோ ஒரு விளக்கின் அடியிலோதான். கறையைப் போக்கும் வேகத்தில் அந்தப் பெயரும் போய்விட்டால் அதை மீட்டுத் தர யாராலும் இயலாது.

திருவிளக்கின் பாதத்தில் நான்முகனும், தண்டில் திருமாலும், அகலில் உருத்திரனும் உறைவதாகப் பெரியோர் சொல்வர். ஐந்து முகமும் ஏற்றி வழிபடும்போது திருமகள் அங்கே எழுந்தருள்வதாக நம்பிக்கை. ஆகவே விளக்கைத் துலக்குவதும் வழிபாட்டின் ஓர் அங்கமாகவே கருதப்பட்டு வந்தது. செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் விளக்கைத் தேய்ப்பதில்லை என்ற நியமம் பல குடும்பங்களில் உண்டு. வியாழன் மாலையில் துலக்கிக் காயவைத்து, வெள்ளியன்று பொட்டிட்டு ஏற்றுவர். வாரந்தோறும் இப்படிக் கை பட்டுவந்த விளக்கில் பிடிவாதமான கறை ஏறுவதில்லை. இருபது, முப்பது ஆண்டுகள் பரணில் கிடந்த விளக்கிடம்தான் பொறுமை தேவைப்படுகிறது.

கறை எல்லாம் ஒன்றல்ல

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் உருகிக் கலந்த உலோகம். விளக்கு, பாத்திரம் முதலியவற்றில் சாதாரணமாக நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரை துத்தநாகம் இருக்கும். செம்பின் சிவப்பை மஞ்சளாக மாற்றுவது அதுவே. இதை நினைவில் வைத்துக் கொண்டால் பின்னால் வரப்போகும் செந்நிறத் திட்டின் மர்மம் எளிதில் விளங்கும்.

முதலில் அகலைச் சூழ்ந்த கருமை. பெரும்பாலோர் இதைக் களிம்பு என்று எண்ணிப் புளியைப் போட்டுத் தேய்க்கின்றனர். கை ஓய்கிறதேயன்றிக் கறை அசைவதில்லை. ஏனெனில் அது உலோகத்தில் தோன்றிய கறையே அன்று. நல்லெண்ணெயும் நெய்யும் சுடரின் வெப்பத்தில் மீண்டும் மீண்டும் காய்ந்து, திரியின் கரியோடு கலந்து, வார்னிஷ் பூசினாற்போல் இறுகிய படலம் அது. புளியின் அமிலம் எண்ணெயைக் கரைப்பதில்லை. மேலே எண்ணெய்ப் படலம் இருக்கும் வரையில் புளி நீர் உலோகத்தைத் தொடவும் முடியாது. ஆரத்தித் தட்டிலும் தூபக்காலிலும் படியும் கற்பூரக் கரியும் அப்படியே. கரியை அமிலம் ஒன்றும் செய்வதில்லை.

எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் சூடான நீரும் சலவைச் சோடாவும் போதும். ஒரு வாளியில் கை பொறுக்கும் அளவினும் சற்றுச் சூடாக நீர் எடுத்து, இரண்டு மூன்று கரண்டிச் சோடாவைக் கரைத்து, விளக்கின் உறுப்புகளை அதில் அரை மணி நேரம் வைக்கலாம். வெளியில் எடுத்ததும் படலம் இளகியிருக்கும். தேங்காய் நாராலோ பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலோ தேய்த்தால் பெரும்பகுதி வழிந்துவிடும். வளையங்களின் இடுக்கில் ஒட்டியிருப்பதை மூங்கில் குச்சியால் அல்லது ஈர்க்குச்சியால் மெல்லக் கிளறி எடுக்க வேண்டும். கத்தி, ஊசி, இரும்பு நார் ஆகியவை கூடவே கூடா. ஒரே முறையில் போகாவிட்டால் நீரை மாற்றி மீண்டும் வைக்கலாம். மூன்று நான்கு முறை செய்தாலும் குற்றமில்லை. சோடா கிடைக்காத காலத்தில் சீயக்காய்த் தூளும் அரப்பும் இந்த வேலையைச் செய்தன. இன்றும் செய்யும், நேரம்தான் கூடுதலாகும். ஆனால் காரமான காஸ்டிக் சோடாவை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அது கையையும் கெடுக்கும், பித்தளையையும் அரிக்கும்.

இங்கே ஒரு சிக்கல் எழுவதுண்டு. குத்துவிளக்கின் பாதம், தண்டு, அகல், உச்சியிலுள்ள அன்னம் ஆகியவற்றைத் தனித்தனியே வார்த்து, கடைசல் பிடித்து, திருகு மரையில் பொருத்துவதுதான் முறை. கல் கருடன் எழுந்தருளியிருக்கும் நாச்சியார்கோயிலில், காவிரியின் வண்டல் மண்ணில் அச்செடுத்து இன்றும் அவ்வாறே வார்க்கின்றனர். அவ்வூர்க் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நெடுநாள் கழற்றப்படாத விளக்கில் எண்ணெய் மரைக்குள் இறங்கிக் காய்ந்து, உறுப்புகளை ஒட்ட வைத்துவிடும். இடுக்கியால் பிடித்துத் திருகினால் தண்டில் ஆறாத வடு விழும். மரையும் உடைந்து போகலாம். அப்படியே முழுமையாகச் சூடான சோடா நீரில் வைத்து, துடைத்து, இணைப்பில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டுவிட வேண்டும். மறுநாள் துணியைச் சுற்றிக் கையால் திருகினால் பெரும்பாலும் கழன்றுவிடும். கழலாவிட்டாலும் பாதகமில்லை. கழற்றாமலே துலக்கலாம்.

எண்ணெய் நீங்கிய பிறகுதான் பித்தளையின் உண்மையான நிறம் தெரியவரும். பழுப்பும் கருமையும் கலந்து நிற்பது, காற்றுப்பட்டு உலோகத்தின் மேல் உண்டான ஆக்சைடு படலம். இதற்குத்தான் புளி. புளியில் உள்ள டார்ட்டாரிக் அமிலமும் எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலமும் இந்தப் படலத்தைக் கரைக்கின்றன. நம் பாட்டிமார் இப்பெயர்களை அறியார். ஆனால் எந்தக் கறைக்கு எது, எவ்வளவு நேரம் என்பது அவர்கள் கைக்குத் தெரிந்திருந்தது.

அந்த ‘எவ்வளவு நேரம்’ என்பதே இங்கு முக்கியம். புளியை ஊற வைத்துப் பிசைந்து, கூழ்போல் எடுத்துக் கொண்டு, கறை உள்ள இடத்தில் மட்டும் பூசி, 5 நிமிடத்துக்கு மேல் விடாமல் தேய்த்துக் கழுவிப் பார்க்க வேண்டும். போதவில்லையெனில் மீண்டும் பூசலாம். பத்து முறை பூசிக் கழுவுவது நல்லது. ஒரே முறை பூசிப் பத்து மணி நேரம் விடுவது கெடுதல். ஒவ்வொரு முறையும் கழுவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, அதன் பிறகே அடுத்த பூச்சு. கண் மங்கலாக உள்ள பெரியவர்கள் பேரன் பேத்தியை அருகில் இருத்திக் கொண்டால், விளக்கின் கதையையும் சொன்னாற்போல் ஆகும்.

எலுமிச்சையோடு உப்பைச் சேர்த்தால் கறை விரைந்து நீங்கும் என்பது உண்மைதான். ஆனால் உப்பு நுண்ணிய துளைகளில் தங்கிவிட்டால், பின்னாளில் ஈரக்காற்றில் அங்கேயே பச்சை பூத்து, உலோகத்தில் குழி விழத் தொடங்கும். அன்றாடம் கழுவிப் புழங்கும் சொம்புக்கு அது பொருட்டில்லை. ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் பழைய விளக்குக்கு உப்பு வேண்டாம்.

செந்நிறத் திட்டு

இனிப் பாதத்தில் படர்ந்திருக்கும் செம்மை. இதுவே எல்லாவற்றிலும் பிடிவாதமானது. எவ்வளவு புளி போட்டாலும் போகாது. போகாதது மட்டுமன்று, தேய்க்கத் தேய்க்கப் பரவும். அதைக் கண்டு மனம் பொறாமல் இன்னும் அதிகப் புளி, இன்னும் அதிக நேரம் என்று முயல்வோர், நோயையே மருந்தாகக் கொடுக்கின்றனர்.

அது மேலே வந்து படிந்த அழுக்கு அன்று. நீண்ட நேரம் அமிலத்தில் கிடந்தபோது பித்தளையின் மேற்பரப்பிலிருந்த துத்தநாகம் முதலில் கரைந்து வெளியேறிவிட்டது. பின்தங்கியது செம்பு. அந்தச் செம்பின் நிறந்தான் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. கறை என்று நாம் நினைப்பது உண்மையில் ஓர் இழப்பு; விளக்கின் உடலிலிருந்து ஒரு பங்கு போய்விட்டதன் அடையாளம். போன துத்தநாகத்தைப் பூசித் திருப்பி வைக்க முடியாது. ஈரமான தரையில் ஆண்டுக்கணக்கில் நின்ற விளக்குகளின் அடிப்பாகத்திலும் இது தானே நேர்வதுண்டு.

இரும்பாலும் இத்தகைய செம்மை வரும். இரும்பு நாரால் தேய்க்கும்போது உதிரும் துணுக்குகள் அமில நீரில் கலந்திருந்தால், அந்நீரில் ஏற்கெனவே கரைந்துள்ள செம்பு மீண்டும் பித்தளையின்மேல் மெல்லிய முலாம்போல் படிந்துவிடும். புளித்தண்ணீர் உள்ள இரும்பு வாளியில் விளக்கை அமிழ்த்தினாலும் அப்படியே நேரலாம். நல்வேளையாக இது மிக மெல்லியது, தேய்த்தால் போய்விடும்.

எந்தச் சிவப்பு எது என்று அறிய எளிய சோதனை உண்டு. மறைவான ஓரிடத்தில் விரல் நுனி அளவு புளிக்கூழைத் தொட்டு வைத்து, இரண்டு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். செம்மை வெளுத்து மஞ்சள் எட்டிப் பார்த்தால் அது வெறும் ஆக்சைடு, புளியாலேயே நீங்கும். செம்மை இன்னும் தெளிவாகி, புதுச் செம்புக் காசுபோல் இளஞ்சிவப்பாக நின்றால் அங்கே புளியின் வேலை முடிந்தது. எலுமிச்சையும் வேண்டாம், வினிகரும் வேண்டாம், மோரும் வேண்டாம்.

அப்போது எஞ்சுவது தேய்ப்பு ஒன்றே. மெல்லிய துணியில் சலித்த நல்ல சாம்பலை, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் குழைத்து, பருத்தித் துணியால் வட்டம் வட்டமாகத் தேய்த்து வரலாம். செங்கற்பொடி வேண்டாம், அது கீறும். விபூதியும் மிக நுண்ணிய தூளாதலால் இந்த வேலைக்கு ஏற்றது. வெள்ளிப் பாத்திரங்களை அதனால் துலக்கும் வீடுகள் பல. திருநீற்றைக் கறை தேய்க்கப் பயன்படுத்த மனம் ஒப்பாதவர்கள் வறட்டிச் சாம்பலையே கொள்ளலாம். மேலோட்டமான செம்மை சில வாரத் தேய்ப்பில் மங்கிவிடும். ஆழமாக இறங்கியது மங்காது. அதையும் எடுத்தே தீர்வது என்று பாலிஷ் சக்கரத்தில் கொடுத்தால், சுற்றிலும் உள்ள நல்ல பித்தளையும் அந்த ஆழத்துக்கு அரைபட வேண்டிவரும். அவ்வாறு செய்வதைவிடத் திட்டை அப்படியே விட்டுவிடுவது நன்று. ஓரிரு ஆண்டுகள் புழங்கிவந்தால் மஞ்சளும் செம்மையும் ஒன்றுபோல் மங்கி, வேறுபாடு கண்ணை உறுத்தாமல் அடங்கிவிடும்.

களிம்பு என்றதும் சைவ அன்பர்களுக்குச் சித்தாந்த உவமை நினைவுக்கு வராமல் இராது. செம்பில் களிம்புபோல் உயிரில் ஆணவ மலம் அநாதியாகவே கலந்திருக்கிறது என்றும், களிம்பைப் போக்கும் ரசகுளிகைபோல் இறைவன் திருவருளே அதைப் போக்கும் என்றும் ஆசாரியர்கள் விளக்கினர். களிம்பு காற்றாலும் ஈரத்தாலும் பின்னால் வருவதே என்பார் இன்றைய வேதியியலார். ஆனால், எவ்வளவு துலக்கினாலும் செம்பு உள்ள வரையில் களிம்பு திரும்பத் திரும்ப வந்தே தீரும் என்பதைப் பாத்திரம் தேய்க்கும் எவரும் மறுக்கமாட்டார். அந்த அனுபவத்திலிருந்தே அவ்வுவமை எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

பச்சையில் இரண்டு வகை

விளக்கில் காணும் பச்சையும் ஒரே தன்மையது அன்று. அகலில் எண்ணெயை நாள்கணக்கில் விட்டுவைத்தால் அது பச்சை நிறமாவதைப் பலரும் கண்டிருப்பர். எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து உண்டாக்கும் மெழுகு போன்ற பொருள் அது. சோடா நீரில் இளகி வந்துவிடும். ஆனால் செம்பின் பச்சை எதுவாயினும் நஞ்சு என்பதை மறக்கலாகாது. துலக்கிய கையைச் சோப்பிட்டுக் கழுவிய பிறகே உணவைத் தொட வேண்டும். நைவேத்தியம் வைக்கும் பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் பச்சை தெரிந்தால் அதைத் துலக்கி, ஈயம் பூசாமல் பயன்படுத்தக் கூடாது. புளியோதரை, தயிர், பஞ்சாமிர்தம் போன்றவற்றை ஈயம் பூசாத பித்தளையில் வைத்திருப்பது உடலுக்கு ஊறு.

மற்றொரு வகை, வெளிர்ப் பச்சைத் தூளாகப் பூப்பது. துடைத்தால் உதிரும், சில நாளில் அதே இடத்தில் மீண்டும் பூக்கும், அடியில் சிறு குழி தெரியும். உப்பின் அம்சமான குளோரைடு உலோகத்துக்குள் புகுந்து, ஈரம் பட்டபோதெல்லாம் அரித்துக் கொண்டிருப்பதன் அறிகுறி இது. கடற்கரை ஊர்களில் அதிகம். மண்ணில் நெடுங்காலம் புதைந்திருந்து வெளிப்பட்ட செப்புத் திருமேனிகளுக்கு இது பெரும் பகை. ‘வெண்கல நோய்’ என்றே இதற்குப் பெயரிட்டுள்ளனர். இத்தகைய திருமேனிகளைக் காப்பதற்காகவே சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-ஆம் ஆண்டு வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கப்பட்டது. அதன் முதல் வேதியியலாளரான எஸ்.பரமசிவன், மின்பகுப்பு முறையில் அரிப்பை நீக்கித் திருமேனிகளை மீட்டார். வீட்டு விளக்கில் இந்தப் பச்சை கண்டால், காய்ச்சி வடித்த நீரை நாள்தோறும் மாற்றி அதில் சில நாள் ஊற வைத்து, வெயிலில் நன்றாக உலர்த்தி, ஈரம் படாமல் வைத்துக் கவனிக்கலாம். அதன் பிறகும் பூத்தால் அருங்காட்சியகத்தார் போன்ற அறிந்தவர்களிடம் காட்டுவதே தகும்.

பூஜையில் உள்ள பஞ்சலோக விக்கிரகங்களுக்கு இக்கட்டுரையில் சொன்ன புளியும் சோடாவும் பொருந்தா. அபிடேகம் முடிந்ததும் பாலும் தேனும் இடுக்கில் தங்காதவாறு நல்ல நீரால் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தாலே போதும். அவற்றின் கருமை அழுக்கன்று, உலோகத்துக்குக் காப்பு. கண் திறந்த திருமுகத்தைச் சாம்பலிட்டுத் தேய்ப்பது ஆண்டுதோறும் சிறிது சிறிதாக அதை அழிப்பதாகும். பழுது பெரிதாயின் ஸ்தபதியிடம் கேட்க வேண்டும். ஆலயத் திருமேனியாயின் அர்ச்சகரும் ஆகமம் அறிந்தோருமே முடிவு செய்வர்.

பெயர் நிற்கும் இடம்

திருவிடைமருதூர் மகாலிங்க சுவாமி திருக்கோயிலில், அகலைக் கையில் ஏந்தி நிற்கும் பாவை விளக்கு ஒன்று உண்டு. தஞ்சை மராட்டிய அரச மரபைச் சேர்ந்த பிரதாபசிம்மரை மணக்க விரும்பிய அவருடைய முறைப்பெண் அம்முனு அம்மணி, விருப்பம் நிறைவேறினால் இலட்ச தீபம் ஏற்றுவதாக இறைவனிடம் நேர்ந்து கொண்டார். திருமணம் கைகூடியது. ஏற்றிய தீபங்களுள் ஒன்றாகத் தம் உருவையே பாவை விளக்காகச் செய்து வைத்தார். இது 19-ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. இத்தனை விவரமும் இன்று தெரிவதற்குக் காரணம் அவ்விளக்கின் பீடத்தில் வெட்டப்பட்டுள்ள எழுத்துகள். அந்த எழுத்துகளை எவரேனும் பளபளப்புக்காகச் சக்கரத்தில் பிடித்திருந்தால், அந்தப் பெண்மணி பெயரற்ற ஒரு பாவையாகவே நின்றிருப்பார்.

வீட்டு விளக்கில் உள்ள புள்ளி எழுத்துகள் அதைவிட ஆழம் குறைந்தவை. பாலிஷ் கடைச் சக்கரம் ஓரிரு முறை பட்டாலே மழுங்கிவிடும். அன்னத்தின் அலகும் இறகுக் கோடுகளும் அப்படியே. கடையில் கொடுத்தே ஆக வேண்டுமெனில், எழுத்துள்ள பகுதியையும் உருவம் உள்ள பகுதியையும் சக்கரத்தில் பிடிக்க வேண்டாம் என்று சொல்லி, அருகில் இருந்து பார்த்து வாங்கி வர வேண்டும். அதற்கு முன் எழுத்துகளின்மேல் மாவைத் தூவித் துடைத்தால் புள்ளிகளில் வெண்மை தங்கி நன்றாகப் படிக்க வரும். அவற்றைப் பார்த்து எழுதி வைத்துக் கொள்வது நல்லது. குளியலறை கழுவும் ஆசிட்டை ஊற்றும் பழக்கம் அண்மைக்காலத்தில் புகுந்திருக்கிறது. அதன் ஆவி மூச்சை அடைக்கும். ஒரு நொடியில் பித்தளையைச் செம்பாக்கிவிடும். வயதானோர் உள்ள வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம்.

அண்மையில் செய்த சில விளக்குகளில் நிறம் மங்காதிருக்க மேலே லாக்கர் பூசுகின்றனர். சுடரின் வெப்பத்தில் அது திட்டுத் திட்டாகப் பெயர்ந்து, பெயர்ந்த இடம் மட்டும் கறுக்கும். பாதி மினுமினுப்பும் பாதிக் கருமையுமாக இருக்கும் விளக்கைப் புளியால் தேய்த்துப் பயனில்லை. பூச்சு முழுவதையும் எடுக்கச் செய்த பிறகே துலக்க வேண்டும். காந்தம் ஒட்டினால் அது பித்தளையே அன்று, இரும்பின்மேல் முலாம். அதைத் தேய்க்கவே கூடாது.

துலக்கி முடித்ததும் கடைசியாக நல்ல நீரில் இரண்டு முறை அலச வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீராயின் உப்புப் பொட்டுகள் நிற்கும். மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ கொஞ்சம் இருந்தால் கடைசி அலசுக்கு வைத்துக் கொள்ளலாம். ஈரத்தோடு வெயிலில் வைத்துவிடக் கூடாது. துணியால் துடைத்த பிறகே வெயில். பலரும் தவறுவது இங்கேதான். அரை நாள் பாடுபட்டுத் துலக்கிய விளக்கில் மறுநாளே புள்ளி விழுந்துவிட்டதென்று வருந்துவோர், துடைக்காமல் காயவிட்டிருப்பர்.

மீண்டும் பரணுக்குப் போவதாயின், குங்குமமும் மஞ்சளும் சந்தனமும் ஒட்டியிருப்பதைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். ஈரத்தை இழுத்து வைத்துக் கொண்டு, பொட்டிட்ட இடத்திலேயே வட்டமாகக் கறை விழச் செய்பவை அவை. பருத்தித் துணியில் சுற்றி நூலால் கட்டலாம். ரப்பர் வளையம் போட்டால் அதிலுள்ள கந்தகம், வளையம் இருந்த இடத்தில் கருங்கோடு இழுத்துவிடும். பிளாஸ்டிக் பை ஈரத்தைச் சிறைப்படுத்தும்.

பரணுக்குத் திரும்பாமல் பூஜை அறையிலேயே இடம்பெற்றால் இவை ஒன்றும் தேவையில்லை. உறுப்புகளை மரையில் பொருத்தும்போது மரையில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி, இறுக்காமல் திருக வேண்டும். பெயர் வெட்டியுள்ள பக்கத்தைச் சுவர்ப்புறம் திருப்பாமல் வைக்கலாம். அகலில் எண்ணெய் விடுமுன் முகங்களின் மடிப்பில் விரலை ஓட்டிப் பார்ப்பது அவசியம். அங்கே ஒரு துளி நீர் தங்கியிருந்தாலும் திரி படபடவென்று தெறித்து அணைந்துவிடும். உலர்ந்திருந்தால், ஐந்து திரியும் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றிக் கொள்ளும்.